மூக்கு மெழுகு

ஆற்றங்கரைச் சண்டையைப் பற்றி இப்போது பாட்டே கட்டிவிட்டார்கள். செத்துப்போன அரசர் புகையாக எழுந்து வந்து, தம் பிள்ளைகள் இருவருக்கும் நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்றாராம். அதைப் பார்த்துத்தான் நாற்பது செதிலான்களும் மண்டியிட்டனவாம். சந்தையில் ஒருவன் கண்ணில் நீர் முட்ட இதைப் பாடுகிறான். நானும் காய் பொறுக்கிக்கொண்டே கேட்டேன். அந்த மனிதர் உயிரோடு இருந்தபோதே, பிள்ளைகள் அடித்துக்கொண்டால் எழுந்து பக்கத்து அறைக்குப் போய்விடுவார். செத்த பிறகா வந்து விலக்கிவிடப் போகிறார்?

உண்மையில் என்ன நடந்தது என்பது தெரிந்தவர்கள் ஐந்தாறு பேர்தான். அதை நடத்தியவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான், இன்னொருத்தி என் நாத்தனார். நாங்கள் இருவரும் அன்று காலை வரை நான்கு வருடமாக ஒருத்தி முகத்தில் ஒருத்தி விழிக்காதவர்கள்.

செதிலானைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உடம்பு உடும்பு, உயரம் எருது, குணம் ஆடு. சேணம் பூட்டி, மேலே ஒரு ஈட்டிக்காரனை உட்கார வைத்துக் குத்துக்கோலால் சீண்டிவிட்டால், கோட்டைக் கதவையும் முட்டித் தள்ளும். சீண்டாமல் விட்டால் நாள் முழுக்க வெயில் காயும். அவற்றின் முட்டைகளை வெந்நீர் ஓடும் மணலில் புரட்டிப் புரட்டிப் பொரிக்க வைப்பதும், குட்டிகளை வளர்ப்பதும் பொரிப்பகத்தில் எங்கள் வேலை. கிழக்குக் கொட்டடிக்கு நான் தலைவி, மேற்குக் கொட்டடிக்கு என் நாத்தனார் தலைவி. அவளுடைய அண்ணன்தான் என் வீட்டுக்காரர், இரண்டு கொட்டடிக்கும் நகம் வெட்டுகிறவர். அதாவது எங்கள் இருவரிடமும் பேச்சு வாங்குகிறவர்.

செதிலானுக்குக் கண் மந்தம். மூக்குதான் எல்லாம். முட்டையிலிருந்து வந்த முதல் ஏழு நாள் எந்தக் கையிலிருந்து தின்கிறதோ, அந்தக் கையின் வாசனையைச் சாகும் வரை மறக்காது. அந்த ஆளை அது மிதிக்காது, கடிக்காது. இது தெரிந்துதான் அரண்மனையில் ஒரு விதி வைத்திருந்தார்கள். அரசருக்கு இரண்டு வாரிசு இருந்தால் குட்டிகளை இரண்டாகப் பிரித்து, ஆளுக்கொரு கொட்டடியில், அவரவர் பங்குக்கு அவரவரே ஊட்ட வேண்டும். ஒருவர் கை வாசனை அடுத்தவர் குட்டிக்குத் தெரியவே கூடாது. நாளைக்குப் பாகம் பிரிக்கும்போது இது உன் படை, இது என் படை என்று சொல்ல ஒரு வழி.

அந்த ஏழு நாளும் பிள்ளைகளைச் சேர விடாமல் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு. அப்போது இளவரசிக்கு எட்டு வயது, தம்பிக்கு ஆறு. நானும் என் நாத்தனாரும் என்ன செய்தோம்? இறைச்சிக் கூழ் காய்ச்சும் அண்டாவைத் தேய்ப்பது யார் முறை என்று அடுக்களையில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். இடைக்கதவை யாரும் தாழ் போடவில்லை. சத்தம் இல்லையே என்று ஐந்தாம் நாள் போய் எட்டிப் பார்த்தால், நாற்பது குட்டியும் ஒரே கொட்டடியில்! நடுவில் தலை முதல் கால் வரை கூழோடு இரண்டு பிள்ளைகள். "இது உனக்கு, அது எனக்கு" என்று பேரம் வேறு. கேட்டால் மூன்று நாளாகவே அப்படித்தானாம். தம்பிக்குத் தனியாக இருக்கப் பயம், அக்காவுக்குத் தனியாக இருந்தால் அலுப்பு.

எந்தக் குட்டி எந்தப் பக்கத்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை. வெளியே தெரிந்தால் இரண்டு பேர் தலையும் போகும். அண்டாச் சண்டையை அப்படியே விட்டுவிட்டு, கைக்கு வந்த இருபது வாலில் சிவப்பும், மீதி இருபதில் நீலமும் பூசினோம். பிள்ளைகள் கையைக் கழுவி அனுப்பினோம். அதற்குப் பிறகு பதினான்கு வருடம் நாங்கள் அதைப் பற்றி எங்களுக்குள்கூடப் பேசிக்கொண்டதில்லை.

பேசவேண்டிய அவசியமும் வரவில்லை. பக்கத்து நாட்டோடு மூன்று சண்டை வந்தது. அக்காவும் தம்பியும் ஒரே பக்கம் நின்றார்கள். தவிர, சண்டைக்குப் போகும் செதிலானுக்கு மூக்கு மெழுகு பூசிவிடுவோம். தேன்மெழுகில் கார வேரை அரைத்துக் கலந்தது. மூக்குத் துளையில் விரலால் அப்பிவிட்டால் பொழுது சாயும் வரை அதற்கு எந்த வாசனையும் தெரியாது. ரத்த வாடை பட்டால் மிரண்டு, மேலே இருப்பவனை உதறிவிட்டு ஓடும் என்பதற்காக இந்த ஏற்பாடு. மெழுகு பூசியது குத்துக்கோலுக்கு மட்டும்தான் கட்டுப்படும்.

இப்போது நாங்கள் ஏன் பேசாமல் போனோம் என்று சொல்ல வேண்டும். சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. நான்கு வருடத்துக்கு முன்னால் என் ஒரே மகனை முன்வரிசை ஈட்டிக்காரனாக எடுத்துக்கொண்டார்கள். பொரிப்பகத்துப் பிள்ளை முன்வரிசைக்குப் போவது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை, தெரு முழுக்கச் சொன்னேன். என் நாத்தனார் எல்லார் முன்னாலும் கேட்டாள்: "உன் பெருமைக்குப் பிள்ளையைத் தூக்கிக் குடுக்கறியே அண்ணி, நாளைக்கு யார் அழறது?" எனக்குச் சுருக்கென்றது. "பெத்தவளுக்குத் தெரியும். உனக்கென்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டேன். அவளுக்குப் பிள்ளை இல்லை. என் மகன் நடை பழகியதே அவள் இடுப்பிலிருந்து இறங்கித்தான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு தன் கொட்டடிக்குப் போனாள், அதற்குப் பிறகு இடைக்கதவு திறக்கவே இல்லை.

அரசர் வாரிசு யாரென்று வாய் திறந்து சொல்லாமலேயே கண்ணை மூடினார். ஒரு மாதத்தில் படை இரண்டாகிவிட்டது. சிவப்பு வால் இருபதோடு நான் அக்கா பக்கம், நீல வால் இருபதோடு என் நாத்தனார் தம்பி பக்கம். எங்களை யாரும் கேட்கவில்லை, கொட்டடியோடு சேர்த்து எங்களையும் பாகம் பிரித்தார்கள். இளவரசியின் கையைத் தொட்டு, "உங்கள் செதிலான்களை உங்கள் வெற்றிக்கே ஆயத்தம் செய்வேன்" என்று நான் சத்தியம் செய்தேன். அதே வாசகத்தை அவளும் அங்கே சொல்லியிருப்பாள்.

சண்டைக்கு நாள் குறித்தார்கள். ஆற்றங்கரை மைதானம், காலை வெயில் ஏறியதும். எங்கள் நாட்டில் வாரிசு முன்வரிசையில்தான் வரவேண்டும், பின்னால் நின்று ஏவுகிறவருக்கு முடி கிடையாது. இளவரசி 'பெரியம்மா' மேல் ஏறினார். அது நாங்கள் அந்தச் செதிலானுக்கு வைத்த பெயர், அதன் முகம் அப்படி. அவருக்கு வலப்பக்கம் மூன்றாவது ஆள் என் மகன். இரண்டு பக்கமும் இருபது இருபதாக நேருக்கு நேர் மோதினால் முதல் வரிசையில் எத்தனை பேர் எழுந்திருப்பார்கள் என்று நான் மூன்று சண்டையில் பார்த்திருக்கிறேன். நான்கு பேர், ஐந்து பேர்.

நாற்பதுக்கும் இருவர் கையும் தெரியும், வால் சாயம் வெறும் குத்துமதிப்பு என்று இளவரசியிடம் போய்ச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் என் தலை போகும், அது இருக்கட்டும். தளபதி இன்னும் நாலு விரல் கனமாக மெழுகு பூசச் சொல்லிவிட்டுச் சண்டையை நடத்துவார். என் மகன் அப்போதும் மூன்றாவது ஆள்தான்.

அதனால் மெழுகில் கார வேரைச் சேர்க்கவில்லை.

வெறும் தேன்மெழுகு, பார்த்தால் அதே மஞ்சள்தான். தளபதியின் ஆள் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டே வர, நானும் ஒவ்வொரு மூக்காக ஓரத்தில் மட்டும் தடவிக்கொண்டே வந்தேன். என் வீட்டுக்காரர் பெரியம்மாவின் முன்னங்காலைப் பிடித்து நகத்தைச் சீவிக்கொண்டிருந்தார். எண்ணுகிறவன் தள்ளிப் போனதும் தலையைத் தூக்கினார்.

"கண்ணு எரியலியே?"

"எரியலேன்னா சந்தோஷப்படுங்க."

"இருபத்திரண்டு வருஷமா எரியுது. இன்னிக்கு மட்டும் என்ன?"

"வாயை மூடிட்டு நகத்தை வெட்டுங்க."

அவர் சீவினார். மனிதர் அதிகம் பேசமாட்டார், ஆனால் மண்டை வேலை செய்யும். அந்த ஐந்தாம் நாள் கொட்டடியைக் கழுவியவரும் அவர்தான்.

"பதினாலு வருஷமாச்சு. இதுங்களுக்கு ஞாபகம் இருக்குமா?"

"இருக்கணும்."

"அங்க அவ மெழுகு போட்டிருந்தா?"

இதைத்தான் நான் நினைக்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் படுத்து, அந்தப் பக்கம் படுக்காவிட்டால், உட்கார்ந்திருக்கும் எங்கள் வரிசை மேல் அவர்கள் ஏறி மிதித்துக்கொண்டு போவார்கள். நான் என் மகனை என் கையாலேயே கட்டிப்போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும்.

"உங்க தங்கச்சிதானே, நீங்க சொல்லுங்க" என்றேன்.

"எனக்கெப்படித் தெரியும்? நாலு வருஷமா அவ என்கிட்ட கேக்கறது ஒண்ணுதான், 'பையன் சாப்பிட்டானா'ன்னு. வேற எதுவும் பேசறதில்ல."

"உன்னையும் கேட்டா"ன்னு ஒரு பொய்யாவது சொல்லக்கூடாதா இந்த மனிதர்! ஆனாலும் அந்தப் பேச்சுதான் எனக்குத் தைரியம் கொடுத்தது. அடுத்த மூக்குக்குப் போனேன். என் மகன் சேணத்தை இறுக்கிக்கொண்டு நின்றான். "அம்மா, நல்லா அப்பு. நேத்தே இது முறைச்சிட்டிருந்துச்சு" என்றான். அப்புகிற மாதிரி அப்பினேன்.  இளவரசியின் கையைத் தொட்டுச் செய்த சத்தியம் அத்தோடு போனது.

கொம்பு ஊதினார்கள். பொரிப்பகத்து ஆட்கள் நிற்பதற்கென்று மேட்டில் ஓரிடம் உண்டு, அங்கிருந்துதான் பார்த்தேன். இரண்டு வரிசையும் ஒரே நேரத்தில் கிளம்பின. தரை அதிர்ந்தது. பாதித் தூரம் வரை ஒன்றுமே ஆகவில்லை. நாற்பதும் கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடின. நான் என் வீட்டுக்காரரின் தோளைப் பிடித்ததில் அவருக்கு நகம் பதிந்து, அந்தத் தழும்பை இன்னும் எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருக்கிறார்.

அப்போது காற்று திரும்பியது. பெரியம்மா ஓடிக்கொண்டே தலையைத் தூக்கிற்று. மூக்கை இரண்டு முறை விரித்தது. வேகம் தணிந்து நடந்தது. நின்றது. குத்துக்கோல் பட்டும் கண்டுகொள்ளாமல் பின்னங்காலை மடக்கிச் சாவகாசமாக உட்கார்ந்தது. அடுத்து அதன் பக்கத்தில் இருந்தது. அடுத்தது. எங்கள் வரிசை முழுக்க உட்கார்ந்துவிட்டது. ஓடி வந்த வேகத்தில் ஈட்டிக்காரர்கள் பாதிப்பேர் தலைக்கு மேலாகக் குட்டிக்கரணம் அடித்து விழுந்தார்கள். என் மகனும் விழுந்தான், அது தெரிந்தது. பிறகு புழுதிதான் தெரிந்தது.

அந்தப் பக்கம் இன்னும் ஓடிவந்துகொண்டிருந்தது. காற்று இப்போது எங்கள் பக்கம் அடிப்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் வாசனை எங்களுக்கு வருகிறது, எங்கள் வாசனை அவர்களுக்குப் போகவில்லை. நின்றால் கிட்டே வந்த பிறகுதான் நிற்கும். மெழுகு பூசியிருந்தால் நிற்கவே நிற்காது. இருபது ஓடுகின்றன, என் பிள்ளை தரையில் கிடக்கிறான். நான் என் நாத்தனாரைத் திட்டினேன், கெஞ்சினேன், அண்டாவை ஆயுள் முழுக்க நானே தேய்க்கிறேன் என்றேன். எல்லாம் வாய்விட்டுத்தான் என்று என் வீட்டுக்காரர் பிறகு சொன்னார்.

ஐம்பது அடி இருக்கும்போது நீல வால்கள் தடுமாறின. நாற்பது அடியில் நடந்தன. முப்பது அடியில் ஒன்று உட்கார்ந்தது. பிறகு எல்லாம் உட்கார்ந்தன. நாற்பதும் இளவரசியையும் இளவரசரையும் பார்த்துத் திரும்பி, குட்டியில் செய்தது போலவே, வாயை ஆவென்று திறந்துவைத்துக்கொண்டன. கூழுக்கு!

 பின்னால் நின்ற காலாட்படையில் எவனோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். யாருடைய பக்கத்து ஆள் என்று தெரியவில்லை. பிறகு இரண்டு பக்கமும் சிரித்தார்கள். சாகத் துணிந்து வந்த ஆறாயிரம் பேர் சாக வேண்டாம் என்று தெரிந்து சிரிக்கிற சிரிப்பு அது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும்.

படுத்த செதிலானை எழுப்பப் பொரிப்பகத்து ஆளைத் தவிர வேறு யாருக்கும் அனுமதி இல்லை. அதனால் மேட்டிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து அவளும் வந்தாள். நான்கு வருடத்தில் கொஞ்சம் இளைத்திருந்தாள், நரை கூடியிருந்தது. நாங்கள் ஒருத்தியை ஒருத்தி பார்க்கவில்லை. நான் நேராக நீல வால் ஒன்றின் மூக்கில் விரலை விட்டேன். அவள் சிவப்பு வால் ஒன்றின் மூக்கில் விட்டாள். இரண்டு பேரும் விரலை முகர்ந்து பார்த்தோம்.

"காரம் போடலியா அண்ணி?" என்றாள்.

"நீ மெழுகே போடலியா?"

"எண்ண வந்தவன் புதுசு. தடவற மாதிரி தடவிக் காமிச்சேன். போயிட்டான்."

 பெரியம்மாவின் பக்கத்திலேயே நானும் உட்கார்ந்தேன்.

அதற்குள் தளபதி வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. "இது துரோகம்! மெழுகு பூசினது யார்?" என்று கத்தினார். இளவரசி இறங்கி நின்றார். பெரியம்மாவின் மூக்கில் அவரும் விரலை விட்டார், முகர்ந்தார், என்னைப் பார்த்தார். நல்ல நீளமான பார்வை. நானும் உட்கார்ந்தபடியே அவரைப் பார்த்தேன். 

இளவரசர் எதிரில் வந்து நின்றார். கையில் வாள் இருந்தது, ஆனால் அவர் கண் சிவப்பு வால் ஒன்றின் மேல் இருந்தது.

"அக்கா, இது மொட்டையன்தானே? என் கட்டைவிரலைக் கடிச்சது?"

"கடிச்சது நீ விரலை வாய்க்குள்ள விட்டதால."

"நீதான் விடச் சொன்னே."

"கதவைத் திறந்துட்டு அழுதுகிட்டே வந்தது யாரு? நானா?"

மொட்டையன் அவர் கட்டைவிரலை நக்கியது. அவர் வாளைக் கீழே போட்டுவிட்டு அதன் தாடையைச் சொறிந்தார். இளவரசி விரலைத் துணியில் துடைத்துக்கொண்டு தளபதியிடம் சொன்னார்: "மெழுகு பழசாயிருக்கு. அவ்வளவுதான். கூடாரம் ஒண்ணு நடுவுல போடச் சொல்லுங்க. நானும் தம்பியும் பேசணும்."

மூன்று நாள் பேசினார்கள். முடி அக்காவுக்கு, படைத்தலைமையும் மலைக்கோட்டைகளும் தம்பிக்கு என்று முடிந்தது. அதையெல்லாம் அரண்மனை எழுத்தர்கள் அழகாக எழுதி வைத்திருக்கிறார்கள், வேண்டுமானால் போய்ப் படியுங்கள். எனக்கு அன்று வேறு வேலை இருந்தது. என் மகனைக் காணவில்லை.

கண்டுபிடித்தவள் என் நாத்தனார்தான். இரண்டு செதிலான்களுக்கு நடுவில், வாயில் மண்ணோடு உட்கார்ந்திருந்தான். முன்பல் ஒன்று போயிருந்தது. "மானமே போச்சு அத்தே. ஆறாயிரம் பேர் முன்னால தலைகீழா விழுந்தேன்" என்றான். அவள் அவன் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள். விட்ட கையாலேயே அவன் தலையை இழுத்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டு, சத்தம் போட்டு அழுதாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். அழ எனக்கும் ஆசைதான், ஆனால் அந்த முறை அவளுடையது.

அவள் கொஞ்சம் அடங்கியதும் சொன்னேன். "அன்னிக்கு நான் சொன்னது தப்பு."

"எது? நீ எவ்வளவோ சொல்லியிருக்கே."

"உனக்கென்ன தெரியும்னு கேட்டேனே, அது."

அவள் மூக்கை உறிஞ்சினாள். "நீ காரம் போட்டிருந்தா என்ன பண்றதுன்னு காலையிலேர்ந்து நடுக்கம் அண்ணி. உங்க பக்கம் நிக்கலேன்னா எங்க ஆளுங்க அத்தனை பேரும் போயிருப்பாங்க. நான் ஆறாயிரம் பேரைப் பத்தி யோசிக்கல. இவன் விழக்கூடாது, அவ்வளவுதான் யோசிச்சேன். பெத்தவளும் அதையேதான் யோசிப்பான்னு வச்சுக்கிட்டேன்."

என் மகன் அவள் வயிற்றிலிருந்து முகத்தை எடுத்து, ஓட்டைப் பல்லோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "நீங்க ரெண்டு பேரும் பேசறீங்களா?" என்றான். சண்டை நின்றதைவிட அது அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"உங்க அம்மாகிட்ட எவ பேசுவா" என்றாள் என் நாத்தனார். "எழுந்திரு. நாற்பதும் வாயைத் திறந்துட்டு உட்கார்ந்திருக்கு. கூழ் காய்ச்சணும்."

கூழ் காய்ச்சினோம், ஒரே அடுப்பில், ஒரே அண்டாவில். அன்று அதை நான்தான் தேய்த்தேன். வாக்குக் கொடுத்திருந்தேனே.